மூன்று நிமிடச் சாட்சி

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஒரு தப்பை இன்று கண்டுபிடித்தேன். சின்னத் தப்புதான். ஆனால் ஏழு மாதமாக எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஜனவரியில் பிரேசர் டவுனில் ஊழியப் பயிற்சி மாலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும், ஐந்தரை முதல் ஏழு வரை. செப்டம்பரில் சான்றிதழ் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால்தான் லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் நான்காம் வகுப்பை எனக்குத் தருவார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் பத்துக் கட்டங்கள் இருந்தன. ஏழாவது கட்டம்: 'இரட்சிக்கப்பட்ட நாள், மாதம், ஆண்டு.'

எனக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. பகலில் நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த பக்கம் திறக்காது. அந்தப் பழக்கமோ என்னவோ, காலியாக விடக் கை வரவில்லை. 2018இல் வாலிபர் முகாமின் கடைசி நாளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை உயர்த்தியது ஞாபகத்துக்கு வந்தது. நானும் உயர்த்தினேன் என்றுதான் நினைத்தேன். 14-08-2018 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மௌரீன் ஆண்டி எல்லோருடைய தேதிகளையும் ஒரு பெரிய சார்ட்டில் மாதவாரியாக என்னை எழுதவைத்து மாட்டியிருக்கிறார். வகுப்பை நடத்துவது அவர்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நம் தேதி வரும் வாரத்தில் கேக், பப்ஸ் எல்லாம் உண்டு. நாம் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்கு மூன்று நிமிடம், மூன்று பகுதி: முன்பு, அன்று, பின்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். ஆளுக்கு ஒரு ஜோடி. ஜோடி முன்கூட்டியே கேட்டுத் திருத்த வேண்டும். அன்றைக்குப் போனில் நேரம் பார்த்துக் கையும் காட்ட வேண்டும்.

அடுத்த வியாழன் பதினான்காம் தேதி. என் முறை. 'அன்று' பகுதிக்கு விவரம் சேர்க்கலாம் என்று 2018 டைரியை எடுத்தேன். அந்த நாளில் எழுதியிருந்தது இதுதான்:

'காய்ச்சல் 102. முகாமுக்குப் போகவில்லை. மிளகு ரசம். அக்கா கேட்காமல் என் ஹெட்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தடவை மன்னிப்பதாக இல்லை.'

இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கா? ரெண்டு தடவ வாந்தி எடுத்தே. படுக்கைய நான்தான் அலசினேன். ஏன், அதப் போயி சபையில சாட்சியா சொல்லப் போறியா?"

கை உயர்த்தியதாக எனக்கு இருந்த ஞாபகம் யாருடையது என்று தெரியவில்லை. அக்கா திரும்பி வந்து சொன்னதாக இருக்கலாம்.

7 ஆகஸ்ட், வியாழன்

வகுப்புக்கு முன் சாமுவேல் அண்ணனுடன் ஒத்திகை. அவர்தான் என் ஜோடி. லிஃப்ட் மெக்கானிக், நாற்பத்தேழு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர், இப்போது எங்கள் தெருவுக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். வகுப்பு நடக்கும் சபைக் கட்டடத்தின் பின்னால் உள்ள படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

அவரைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். சார்ட்டில் அவர் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது. நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. குடியை விட்டு, மறுபடி குடித்து, மறுபடி விட்டவர் அவர். முதல் இரண்டு தேதிகள் மீதும் சிவப்புக் கோடு. மார்ச் 2 மட்டும் கோடில்லாமல் நிற்கிறது. ஆண்டியின் விதி: தேதியே இல்லாவிட்டாலோ மூன்றாவது தேதியும் போனாலோ அந்த ஆள் இந்த வருட வகுப்பிலிருந்து விலகி அடுத்த வருடம் புதிதாகச் சேர வேண்டும்.

"டைம் போட்டுட்டேன் தங்கச்சி. ஆரம்பி."

'முன்பு' பகுதியைச் சொன்னேன். ஐம்பத்திரண்டு நொடி. அதற்கு மேல் போகவில்லை.

"அன்னிக்கு இன்னா ஆச்சு?"

"அன்னிக்குக் காய்ச்சல் அண்ணா."

நடந்ததைச் சொன்னேன். அவர் போனைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அட இன்னாம்மா நீ. எங்கிட்ட மூணு தேதி இருக்குது, ஒன்ன எடுத்துக்க. நவம்பர் நல்ல தேதி. அதிகம் யூஸ் பண்ணல."

"விளையாடாதீங்க அண்ணா. எனக்கு அப்படி ஒரு நாளே இல்லன்னா, எனக்கு இரட்சிப்பே இல்லன்னுதானே அர்த்தம்?"

"எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட்டுதான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கினவன் எத்தன மணி, எத்தன நிமிஷத்துக்கு வெளிய வந்தான்னு கரெக்டா சொல்வான். ஊட்ல உக்காந்துக்கினு இருந்தவனுக்கு ஏது நிமிஷம்? நீ மாட்டிக்கல. நான் மாட்டிக்கினு மாட்டிக்கினு வர்றேன்." போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒன்னு சொல்றேன். உள்ள மாட்டிக்கினவன் கதவ நோண்டவே கூடாது. நோண்டினா கால் போயிடும். சும்மா நிக்கணும். நான் மேல இருந்து வந்து தொறப்பேன். சொன்னா எவன் கேக்கறான்? நோண்டுவானுங்க."

இதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. அதுக்குக் கீழ இதையும் எழுது. ஞாயித்துக்கிழம குடிச்சிட்டேன்."

ஜெயவேலு என்று அவருடைய சிநேகிதர். ஒன்றாகப் படித்தவர்கள். போன சனிக்கிழமை இறந்துவிட்டார். தங்கவயலில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நான்கு பேர் பிரிந்து போக மனமில்லாமல் நின்றிருக்கிறார்கள். நின்றவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை.

"லீனாவுக்குத் தெரியாது" என்றார், மனைவியைச் சொல்லி. "வந்து படுத்துட்டேன், பஸ்ல வந்த அலுப்புன்னு நெனச்சுக்கிச்சு. மூணாவதும் போச்சு, தங்கச்சி. ரெஜிஸ்டரும் சார்ட்டும் உங்கிட்டதானே இருக்குது? கோட நீயே போட்டுடு. ஆண்டி கையால வேணாம்."

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆண்டி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருப்பது உண்மை. நான் முடியாது என்றேன்.

"எனக்கும் இஷ்டமில்லதான். செவ்வாய், வியாழன், ரெண்டு நாள் சாயங்காலம் போறதுக்கு எனக்குன்னு ஒரு எடம் இருக்குது. மீதி அஞ்சு நாள எப்படியோ தள்ளிக்குவேன். இந்த ரெண்டும் போச்சுன்னா..." என்று நிறுத்திவிட்டு எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "சரி வா. ஆம்ப்ரோஸ் சார் பேப்பர் குடுப்பாரு."

வகுப்பில் வேதபாடம் எடுக்கும் ஆம்ப்ரோஸ் சார் போன வாரத் தேர்வுத் தாள்களைக் கொடுத்தார். கேள்வி: நியாயத்துக்கும் கிருபைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக. எனக்கு ஐந்துக்கு ஐந்து. தகுதி, தகுதியின்மை, ஈவு என்று மூன்று தலைப்பு போட்டு எழுதியிருந்தேன். சாமுவேல் அண்ணனுக்கு இரண்டு. அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'நியாயம் என்றால் எனக்குப் பயம். கிருபை என்றாலும் பயம்தான், ஆனால் அதனிடமிருந்து ஓடிப்போகத் தோன்றாது.'

அவருடைய தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஐந்து மதிப்பெண்ணை நான் எங்கே சம்பாதித்தேன் என்று யோசித்தேன். சாரின் குறிப்புகளிலிருந்துதான்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நான் ஐந்து நாள் கோடு போடாமல் இழுத்தடித்தேன். இன்று அவரே போய்ச் சொல்லிவிட்டார். ஐந்தேகாலுக்கு நான் உள்ளே நுழைந்தபோது அவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஆண்டியின் மேஜைக்கு முன் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை கிளாஸ்?" என்று ஆண்டி கேட்டார்.

"எண்ணல ஆண்டி."

"எண்ணலன்னா நிறையன்னு அர்த்தம்."

"ஆமா ஆண்டி."

ஆண்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாமுவேல், எனக்கு உன் மேல கோபம் இல்ல. ஆனா நான் உனக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு பண்ண முடியாது. ஒரு நாள் உண்மையிலேயே நடந்திருந்தா அது நிக்கணும். நிக்கலன்னா அது நடக்கவே இல்ல. ஜனவரியில வா. நான் உன்னை மறுபடி சேர்த்துக்குவேன்." பிறகு என்னைப் பார்த்தார். "பிரிசில்லா டியர், மார்ச்ல கோடு போட்டுடு."

சிவப்புப் பேனாவை எடுத்தேன். அளவுகோலும் எடுத்தேன். எதற்கு அளவுகோல் எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நாற்காலி மேல் ஏறி, 'சாமுவேல், மார்ச் 2' என்பதன் மேல் கோடு போட்டேன். கோடு நேராக விழுந்தது. அதற்கு ஒரு முழம் கீழே, ஆகஸ்ட் கட்டத்தில், 'பிரிசில்லா, ஆகஸ்ட் 14' என்று என் கையெழுத்திலேயே அழகாக எழுதியிருந்தது. அதன் மேல் எந்தக் கோடும் இல்லை.

நான் இறங்கும்போது நாற்காலி ஆடியது. சாமுவேல் அண்ணன் வந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறங்கு தங்கச்சி" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எழுத முடியவில்லை. நோட்டில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

மாலையில் 'அன்று' பகுதியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

முதல் பிரதி: முகாம், பாட்டு, கை உயர்த்தல். பொதுவாக இருந்தது. இரண்டாவது பிரதி: காய்ச்சலில் படுத்திருந்தபோது தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டதாகவும், அப்போது என் பாவம் எனக்குத் தெரிந்ததாகவும், அக்காவை மன்னித்துவிட்டதாகவும். அது நன்றாக வந்தது. சத்தமாகப் படித்துப் பார்த்தபோது அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு நொடி. நடக்காத ஒன்றுக்காக என்னால் இப்படி அழ முடியும் என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது பிரதியில் ஒரு வரிகூட வரவில்லை.

எனக்குள் இரண்டு எண்ணம் ஓடுகிறது. அதை அப்படியே எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போகும், ஞாயிறு பள்ளி போகும், அம்மா சபையில் தலை குனிவாள். அதனால் சாமுவேல் அண்ணனுக்கு வகுப்பு திரும்பக் கிடைக்கப் போவதும் இல்லை. சொல்லாவிட்டால், குடித்தேன் என்று தானாக வந்து சொன்னவரை வெளியே அனுப்பிவிட்டு, பொய்த் தேதிக்காரி கேக் வெட்டுவாள்.

உண்மை சொல்ல நினைப்பதுகூட நல்லவள் என்று பேர் வாங்கத்தானோ என்றும் தோன்றுகிறது. அதற்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருந்தால் நாளைய தினம் கடந்துவிடும்.

ஏழு மணிக்குச் சாமுவேல் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: 'நாளைக்கு எனக்கு நேரம் பார்க்க ஆள் இல்லை.' பதில் வரவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தரை. பதினோரு பேர் வந்திருந்தார்கள். மேஜையில் கேக், அதில் என் பெயர். ஆண்டி, "சாமுவேல் இல்லாததால குளோரியா டைம் பார்ப்பா" என்றார். அப்போது வாசலில் சாமுவேல் அண்ணன்.

ஃபிராங்க்ளின் என்று ஒரு வகுப்புத் தோழர். வங்கியில் வேலை. "அண்ணன் பேரக் கோடு போட்டாச்சே?" என்று கேட்டார்.

"கோடு எம் பேர் மேலதான்பா. எம் போன் மேல இல்ல" என்று சொல்லி, சாமுவேல் அண்ணன் கதவோரமாகவே நின்றுகொண்டு போனை எடுத்தார். ஆண்டி என்னைப் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னார்.

'முன்பு' சொன்னேன். தங்கவயலிலிருந்து வந்த குடும்பம், அப்பாவின் வேலை, பிறந்ததிலிருந்து சபை. அவர் ஒரு விரல் காட்டினார். ஒரு நிமிடம் முடிந்தது.

அடுத்து 2018 டைரியைத் திறந்து அந்த நாளைப் படித்தேன். காய்ச்சல், ரசம், ஹெட்போன், மன்னிப்பதாக இல்லை. யாரோ சிரித்தார்கள், நகைச்சுவையாக ஆரம்பிக்கிறேன் என்று நினைத்து. "இதுதான் அன்று" என்றேன். "படிவத்தில் காலியாக விடத் தெரியாமல் இந்தத் தேதியைப் போட்டேன். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஏழு மாதமாக அது சுவரில் இருக்கிறது. முந்தாநாள் இந்தக் கையால்தான் சாமுவேல் அண்ணன் பெயரில் கோடு போட்டேன்."

சிரிப்பு நின்றது. நான் உட்காரப் போனேன்.

"பிரிசில்லா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றார் ஆம்ப்ரோஸ் சார். "பின்பு?"

"அன்று இல்லாம பின்பு எப்படி சார்?"

"எனக்கும் தெரியல. இருக்கான்னு பாத்து சொல்லு."

நான் தயார் செய்யவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பரிசோதனை நிலையத்தில் ஒவ்வொரு காலையும் முதல் ஆளின் பெயரை ஏற்றும்போது அவருக்காக மனதில் ஒரு வரி ஜெபம் செய்கிறேன், எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அக்காவிடம் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்தேன், இப்போது பேசுகிறேன், எந்த நாளில் மன்னித்தேன் என்று டைரியில் தேடினேன், எழுதியிருக்கவில்லை. பாவம் செய்தால் தூக்கம் வருவதில்லை, ஆனால் ஆண்டவர் என்னைத் துரத்திவிடுவார் என்று தோன்றியதும் இல்லை. அவ்வளவுதான். சாமுவேல் அண்ணன் மூன்று விரல் காட்டினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஃபிராங்க்ளின் கேட்டார்: "அப்போ ரூல்படி இவங்களும் அடுத்த வருஷமா ஆண்டி?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எதையும் சரிபார்க்காமல் விட மாட்டார், என்னைப் போலவே.

ஆண்டியின் முகம் வெளுத்திருந்தது. "ரூல்னா ரூல்தான்" என்றார். "பிரிசில்லாவும் ஜனவரியில வரட்டும்."

சொல்லிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்ப்ரோஸ் சார் ஜெபம் செய்து வகுப்பை முன்னதாகவே முடித்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை.

படிக்கட்டில் சாமுவேல் அண்ணன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "நல்லா சொன்னே. கரெக்டா மூணு நிமிஷம்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கும் போச்சே, பைத்தியம்."

"நீங்க இப்ப நேரா வீட்டுக்குத்தானே அண்ணா?"

"நாளைக்கு ஆகஸ்ட் பதினஞ்சு. ஊர் பூரா வைன் ஷாப் மூடி. கவர்மென்ட்டே எனக்கு ஒரு நாள் கிருபை குடுக்குது. அதனாலதான் இன்னிக்கு எல்லாக் கடையிலயும் கூட்டம்." சிரித்தார். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆறரைக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கோப்பைகளைக் கழுவ நான் உள்ளே திரும்பினேன். ஆண்டியும் வந்து பக்கத்தில் நின்று துடைக்க ஆரம்பித்தார். ஐந்து கோப்பையைத் துடைத்து அடுக்கினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான், தெரியுமா? நீல்."

தெரியாது என்றேன்.

"மோட்டார் வொர்க்‌ஷாப் வச்சிருந்தான். ஒவ்வொரு சண்டேவும் சர்ச்சுக்கு வருவான், கடைசி பெஞ்ச். ஆசீர்வாதம் சொல்றதுக்குள்ள சிகரெட் பிடிக்க வெளிய போயிடுவான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நான் கேப்பேன், நீல், உன் டேட் சொல்லு, உன் டேட் சொல்லுன்னு. 'நீதான் ஒண்ணு வச்சிருக்கியே மௌரீன், வீட்டுக்கு ஒண்ணு போதும்'னு சொல்வான். அப்படி ஒரு வாய் அவனுக்கு."

ஆண்டி துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிட்ல போயிட்டான். ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. யாரையும் உள்ள விடல. ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு போனை அவன் காதுல வச்சா. ரெண்டு நிமிஷம்தான் மேடம், சீக்கிரம் பேசுங்கன்னா. ஆக்ஸிஜன் மாஸ்க், அவனால பேச முடியாது, நான்தான் பேசணும். என்ன பேசினேன் தெரியுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"டேட் கேட்டேன். நீல், இப்பவாவது சொல்லு, எந்த நாள், எந்த நாள்னு. ரெண்டு நிமிஷமும் அதையே கேட்டேன். சாப்பிட்டியான்னு கேக்கல. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லல. அவன் சிரிச்சானாம். நர்ஸ் சொன்னா. எதுக்குச் சிரிச்சான்னு நாலு வருஷமா யோசிக்கறேன் பிரிசில்லா. அதுக்கப்புறம்தான் இந்த சார்ட் எல்லாம் ஆரம்பிச்சேன். யாரையும் டேட் இல்லாம விடக்கூடாதுன்னு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினேன். எனக்கு ஐந்து மதிப்பெண் பதில் தெரியும். அதை அங்கே சொல்ல முடியவில்லை.

"நீ டேட் இல்லன்னு சொன்னதும் எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. அப்புறம் நீ அந்தக் கடைசி நிமிஷம் பேசினியே... உனக்கு இரட்சிப்பு இல்லன்னு என்னால சொல்ல முடியல. உனக்கு அப்படிச் சொல்ல முடியலன்னா நீலுக்கும் சொல்ல முடியாது. இல்லையா?"

"எனக்குத் தெரியல ஆண்டி."

"எனக்கும் தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சாமுவேல் எங்க?"

வைன் ஷாப் கூட்டத்தைப் பற்றி அவர் சொன்னதைச் சொன்னேன். ஆண்டி துணியை அப்படியே போட்டுவிட்டு, "போன் போடு" என்றார்.

நான்காவது முறை மணியடித்தபோதுதான் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம், பஸ் ஹார்ன், யாரோ கன்னடத்தில் வரிசையில் நிற்கச் சொல்லும் குரல்.

"எங்க அண்ணா இருக்கீங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். கடைக்கு எதிர்ல நிக்கறேன்."

ஆண்டி போனை என் கையிலிருந்து வாங்கினார். "சாமுவேல், மௌரீன் பேசறேன். டேட் கேக்க போன் பண்ணல. சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"இல்லல்ல. இங்க கேக் முழுசா அப்படியே இருக்கு, பப்ஸ் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். வா." மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். "குடிச்சிருந்தாலும் வா. குடிக்கலன்னாலும் வா. வண்டிய மட்டும் ஓட்டாத, ஆட்டோ பிடி. செவ்வாய்க்கிழமையும் வா. ஜனவரி எல்லாம் வேண்டாம். இல்ல, சாமுவேல், நான் யோசிச்சுதான் சொல்றேன். யோசிக்காமலும் சொல்றேன். வா."

ஏழேகாலுக்கு வந்தார். ஆட்டோவில் வந்தார். ஆட்டோ எதனால் என்று எனக்கு உடனே தோன்றியது. ஆண்டி சொன்னதாலா, இல்லை வேறு காரணமா? அவர் பக்கத்தில் நின்று கேக் தட்டை நீட்டியபோது மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று மூக்கே முந்திக்கொண்டது. பார்க்கவில்லை. அது நான் செய்த நல்ல காரியம் என்று எழுத முடியாது, ஏனென்றால் ரொம்ப நேரம் ஆசைப்பட்டேன். ஆண்டி அவருக்கு நேர் எதிரே, முட்டி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் இரண்டு பப்ஸ் சாப்பிட்டார். இரண்டாவதைச் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு, "லீனாகிட்ட இன்னும் சொல்லல. அதுதான் தொண்டையில நிக்குது" என்றார்.

"நாங்க கூட இருந்தா சொல்லுவியா?" என்று ஆண்டி கேட்டார்.

"நீங்க இருந்தா அது என்னை அடிக்காது."

"அடிக்கட்டும். நாங்க கேட்டுக்கு வெளிய நிக்கறோம்."

மூவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ஆனால் சரி என்றார்.

என் சான்றிதழ் பற்றி ஆண்டியிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "தெரியல டியர், போதகர்கிட்ட பேசணும். அவர் ஒத்துக்கலன்னா ஞாயிறு பள்ளி இந்த வருஷம் இல்ல" என்றார். சார்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது, நான் போட்ட கோட்டோடு. கோட்டை அழிக்க முடியாது, மார்க்கர் பேனா.

கிருபை என்றால் என்ன என்று இன்று யாராவது கேட்டால் என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் நோட்டில் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கும் நான்கு பக்கமும் தப்பில்லை. ஆனால் கடைக்கு எதிரில் நிற்கிற ஒருவரிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்டது அந்த நான்கு பக்கத்தில் இல்லை. எனக்கு இரட்சிப்பு உண்டா என்ற சந்தேகம் இன்றும் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்த் தேதி ஆகிவிடும். ஆனால் இன்று மாலை முழுவதும் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நாளை வெள்ளி, விடுமுறை. காலை ஒன்பதரைக்கு மௌரீன் ஆண்டியை லிங்கராஜபுரம் பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்துக்கொண்டு சாமுவேல் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். லீனா அண்ணியிடம் அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.